ஃபட்டோர்டாவில் சனிக்கிழமை: வாசகர் கேள்வி–பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி தேர்தலைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி கால்பந்தைப் பற்றியவை. தேர்தல் கேள்விகளுக்கு வெள்ளிக்கிழமை வாக்காளர்களே பதில் சொல்லப்போகிறார்கள் என்பதால், இப்பகுதியை முழுவதும் பந்துக்கே விட்டுவிட்டேன். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் போட்டியின் பிளே ஆஃப் சுற்றில் 2024 ஏப்ரல் 19, வெள்ளியன்று புவனேஸ்வரத்தில் ஒடிசா எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதுகின்றன. மறுநாள் கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் எஃப்சி கோவாவும் நம் சென்னையின் எஃப்சியும் மோதுகின்றன. இரண்டுமே ஒற்றை ஆட்டங்கள். வென்றவர் அரையிறுதிக்குச் செல்வார். தோற்றவருக்கு இந்தப் பருவம் அத்துடன் முடிந்தது.

கேள்வி: கோவா 45 புள்ளிகளுடன் மூன்றாம் இடம், சென்னை 27 புள்ளிகளுடன் ஆறாம் இடம். சித்திரைப் பிறப்பன்று அதே ஃபட்டோர்டாவில் 4-1 என்று தோற்றுவிட்டு வந்திருக்கிறது சென்னை. இந்த நிலையில் வெற்றி வாய்ப்பைப் பற்றிப் பேசுவதே வீண் அல்லவா?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: வீண் அல்ல, ஆனால் தங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. லீக் சுற்றின் 22 ஆட்டங்களில் கோவா தோற்றவை மூன்றே. சென்னை தோற்றவை பதினொன்று, அதாவது சரிபாதி. இரு அணிகளும் லீக்கில் சந்தித்த இரண்டு முறையும் கோவாவே வென்றது. இத்தனை ஆட்டங்களுக்குப் பிறகும் நிற்கிற 18 புள்ளி இடைவெளியை வெறும் அதிர்ஷ்டம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. கோவா மேலான அணி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆயினும் மேலான அணி எது என்பது ஒரு கேள்வி. சனிக்கிழமை இரவு வெல்லப்போகிற அணி எது என்பது வேறொரு கேள்வி. கபடியில் ஓர் ஆட்டத்துக்குள் இரு அணிகளுமாகச் சேர்ந்து அறுபது எழுபது புள்ளிகள் எடுத்துவிடுகின்றன. அத்தனை முறை பாடிச் சென்று திரும்புவதற்குள் வலுவான அணியின் வலு எப்படியும் வெளியே தெரிந்துவிடும். கால்பந்திலோ ஓர் ஆட்டத்தில் இரண்டு அல்லது மூன்று கோல்கள்தாம் விழுகின்றன. தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டுத் திசை மாறிய ஒரு பந்து, அவசரத்தில் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்ட்டி, கோல்கீப்பரின் கையிலிருந்து நழுவிய ஒரு கார்னர் என இவற்றில் ஏதேனும் ஒன்றே தொண்ணூறு நிமிட உழைப்பையும் புரட்டிப் போட்டுவிடும். ஆகவே புள்ளிப் பட்டியலில் மலை போலத் தெரியும் இடைவெளி, ஒற்றை ஆட்டத்தில் கணிசமாகச் சுருங்கிவிடுகிறது. இல்லாமற் போவதில்லை, சுருங்குகிறது.

இதிலிருந்து வலுக் குறைந்த அணிக்கு ஒரு யோசனை தானாகவே கிடைக்கிறது. ஆட்டத்தில் எவ்வளவு குறைவாக நிகழ்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வாய்ப்பு கூடும். முதல் பாதியை 0-0 என்று முடித்துவிட்டால், உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரமே கோவா வீரர்களுக்குப் பாரமாக மாறத் தொடங்கும். அவர்கள் முன்னேறி வர வர, பின்னால் இடம் திறக்கும். அந்த இடத்தில் ஓடுவதற்குச் சென்னையிடம் வேகமான கால்கள் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், பயிற்சியாளர் ஓவன் காயிலுக்கு இப்படிப்பட்ட பொறுமையான ஆட்டம் பழக்கமில்லை. 2019-20 பருவத்தின் நடுவில், பட்டியலின் அடியில் கிடந்த சென்னை அணியை அவர் ஏற்றுக்கொண்டு இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். அந்தப் பருவத்தின் அரையிறுதியில் இதே கோவாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் விழுந்த கோல்கள் மொத்தம் பதினொன்று. சென்னையில் 4-1 என வென்று, கோவாவில் 4-2 எனத் தோற்று, 6-5 என்ற கணக்கில் தப்பித்தார்கள். பார்ப்பதற்கு அது விருந்துதான். ஆனால் அன்று இரண்டு ஆட்டங்கள் இருந்தன, அவற்றில் ஒன்று சொந்த ஊரில் நடந்தது. இம்முறை ஒன்றே ஒன்றுதான், அதுவும் எதிராளியின் ஊரில். திறந்த ஆட்டம் ஆடினால் கோவாவின் தரம் தன் வேலையைக் காட்டிவிடும்.

சித்திரைப் பிறப்பன்று நடந்த ஆட்டத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆறாம் இடம் உறுதியான பிறகு ஆடிய ஆட்டம் அது. அதற்குமேல் சென்னைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதைக் காட்டிலும் மார்ச் 31 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானை 3-2 என்று வென்றார்களே, அதை நான் கூடுதலாக மதிக்கிறேன். முன்னிலையில் இருந்த எதிராளியை எட்டிப் பிடித்து, கூடுதல் நிமிடங்களில் இர்ஃபான் யாத்வத் அடித்த கோலால் கிடைத்த வெற்றி அது. அந்த மோகன் பகான்தான் பின்னர் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஏப்ரல் 9 அன்று நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2-1 என வென்றதும் கடைசி நேரக் கோலால்தான். அடித்தவர் வலது பின்வரிசை ஆட்டக்காரர் அங்கித் முகர்ஜி.

அதே அங்கித் முகர்ஜியின் பக்கம்தான் சனிக்கிழமை ஆட்டத்தின் கனம் இருக்கப்போகிறது. கோவாவின் மொராக்கோ வீரர் நோவா சதாவி பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடிப்பவர். அவரை ஒருவரால் தடுக்க முடியாது. அங்கித் முன்னால் நின்று அவரை ஓரத்திலேயே நிறுத்த, நடுக்களத்திலிருந்து ஒருவர் இறங்கி உள்வழியை அடைத்தாக வேண்டும். சதாவி பந்தை வாங்கும் நொடியில் அங்கித்துக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். எவரும் வரவில்லை என்றால் இடைவேளைக்கு முன்பே ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். மறுபுறம் சென்னைக்கு நம்பிக்கை தருவது நின்ற பந்துகள். ஆகாஷ் சங்வான் இடது காலால் அனுப்பும் கார்னர்களும் ஃபிரீ கிக்குகளும் நல்ல உயரத்தில் வளைந்து வருகின்றன. அவற்றை முட்டுவதற்கு ரயன் எட்வர்ட்ஸ், லாசர் சிர்கோவிச் என்ற உயரமான இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னை ஒரு கோல் அடித்தால் அது இந்த வழியில் வரவே வாய்ப்பு அதிகம்.

இதே ஆட்டத்தை மூன்று முறை ஆடவிட்டால் இரண்டில் கோவாவும் ஒன்றில் சென்னையும் வெல்லும் என்பது என் கணக்கு.

கேள்வி: நாக் அவுட் என்று வந்துவிட்டால் கோவாவைச் சென்னை விட்டதே இல்லை. 2015, 2018, 2020 என மூன்று முறையும் நாமே வென்றோம். இந்த ராசியைத் தாங்கள் ஏன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை?
— உவரி வாசகர்

பதில்: தாங்கள் சொல்லும் மூன்றும் உண்மை. 2015 இறுதியாட்டம் இதே ஃபட்டோர்டாவில்தான் நடந்தது. அந்த டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்திருந்ததால், சென்னை அணி தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. போன டிசம்பரில் தாமிரபரணியைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. அங்கிருந்து இறுதிக்கு வந்து, 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என முன்னிலை பெற்ற பிறகும் விடாமல், 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் பெயரில் விழுந்த ஒரு சுயகோலாலும், அடுத்த இரண்டே நிமிடத்தில் மெண்டோசா அடித்த கோலாலும் 3-2 என்று கோப்பையை வாங்கினார்கள். 2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் ஜெஜே இரண்டும் நம் தமிழ்நாட்டு வீரர் தன்பால் கணேஷ் ஒன்றுமாக அடித்து 3-0 என முடித்தார்கள். 2020 கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த வெற்றிகளைப் பெற்றவர்கள் யார்? இன்றைய அணியில் மெண்டோசா இல்லை, ஜெஜே இல்லை, கணேஷ் இல்லை. 2015இல் பயிற்சியாளராக இருந்தவர் மார்கோ மாத்தராத்சி. 2018இல் ஜான் கிரகரி. சட்டையின் நிறம் மட்டுமே அதேதான். ராசி என்று ஒன்று வேலை செய்ய வேண்டுமென்றால், அது வீரர்களின் மனத்தில்தான் வேலை செய்ய முடியும். அந்தத் தோல்விகளை நேரில் ஆடி அனுபவித்தவர்கள் இரு பக்கமும் மிகச் சிலரே மிஞ்சியிருக்கும்போது, அதற்கு மனத்தில் இடம் ஏது? 2020இன் நேரடிச் சாட்சிகளில் காயில் ஒருவர். மேலும் ராசி பேசத் தொடங்கினால் எதிர்ப்பக்கமும் பேசும்: 2019 சூப்பர் கோப்பை இறுதியில் கோவாதான் 2-1 என்று சென்னையை வென்றது, 2020 ஐஎஸ்எல் இறுதியில், கொரோனா அச்சத்தால் ஆளில்லாத இதே ஃபட்டோர்டாவில், சென்னை கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 எனத் தோற்றது. அந்த ஏடிகே அணியில்தான் தங்கள் ஊருக்கு அப்பால் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இருந்தார் என்பது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிக் கொச்சிக்குப் போய் ஆட்டம் பார்த்து வருகிறவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் மஞ்சள் சட்டைக்கு ஆதரவு அதிகம். கேரளா பிளாஸ்டர்ஸ் புவனேஸ்வரத்தில் வெல்லுமா? ஒளிக்காமல் சொல்லவும்.
— செங்கோட்டை வாசகர்

பதில்: ஒளிக்காமல் சொல்வதானால், இந்த இரண்டு ஆட்டங்களில் முடிவைக் கணிக்க அதிகக் கடினமானது தங்களுடையதுதான். புள்ளிகளில் ஒடிசாவுக்கு 39, பிளாஸ்டர்ஸுக்கு 33, இடைவெளி சிறியது. லீக்கில் ஆளுக்கொரு வெற்றி: கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 2-1, புவனேஸ்வரத்தில் ஒடிசா 2-1. இரண்டிலும் சொந்த ஊர் அணியே வென்றது என்பதும், இரண்டிலும் வேறுபாடு ஒரே கோல் என்பதும் கவனிக்கத்தக்கவை. வெள்ளிக்கிழமை ஆட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடியாமல் கூடுதல் அரைமணி நேரத்துக்குப் போனாலும் நான் வியப்படைய மாட்டேன்.

பிளாஸ்டர்ஸின் பருவத்தை இரண்டு துண்டுகளாகப் பார்க்க வேண்டும். டிசம்பர் வரை அவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். அந்த மாதம் அணித் தலைவர் அட்ரியன் லூனா காயமடைந்து வெளியேறினார். அதன்பிறகு வரிசையாகத் தோல்விகள். லூனா ஆட்டத்தின் வேகத்தைத் தன் காலில் வைத்திருப்பவர். எப்போது நிறுத்த வேண்டும், எப்போது முன்னால் தள்ள வேண்டும் என்று தீர்மானிப்பவர். அவர் இல்லாதபோது பந்து பின்வரிசையிலிருந்து நேரே முன்வரிசைக்கு வானத்தில் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரியில் கொச்சியில் கோவாவுக்கு எதிராக 0-2 என்ற நிலையிலிருந்து 4-2 என்று மீண்டார்களே, அந்த மாலையைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட மாலைகள் இந்த ஆண்டில் வந்தன. ஆனால் அடுத்தடுத்து வரவில்லை. 13 கோல்கள் அடித்து நிற்கும் கிரேக்க வீரர் டியமண்டகோஸும் ஆட முடியாமல் போனால், கோல் அடிப்பது யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான விடை இல்லை. லூனா திரும்பினாலும், இத்தனை மாத ஓய்வுக்குப் பிறகு முழு ஆட்டத்தையும் அவர் தாங்குவார் என எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஒடிசாவின் பயிற்சியாளர் செர்ஹியோ லொபேரா 2020-21இல் மும்பைக்கு லீக் முதலிடத்தையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் வாங்கிக் கொடுத்தவர். அஹ்மத் ஜாஹு, மூர்த்தாதா ஃபால் ஆகிய இருவரும் கோவாவிலும் மும்பையிலும் அவருடனேயே இருந்து, இப்போது ஒடிசாவிலும் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரின் அடுத்த அடியை அறிந்து ஆடுவது பார்த்தாலே தெரியும்: ஜாஹு கார்னர் எடுக்கப் போகும்போதே ஃபால் தன் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார். முன்னால் ஃபிஜி வீரர் ராய் கிருஷ்ணாவும் பிரேசிலின் டியேகோ மவுரிசியோவும் இருக்கிறார்கள். பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் பிளாஸ்டர்ஸ் வலையில் விழுந்த இரண்டு கோல்களும் கிருஷ்ணா அடித்தவை.

ஆகவே நூற்றுக்கு அறுபது ஒடிசா, நாற்பது பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நடந்திருந்தால் இந்த எண்களை இடம் மாற்றி எழுதியிருப்பேன்.

கேள்வி: போன ஆண்டு இதே சுற்றில் பெங்களூருவில் பிளாஸ்டர்ஸ் அணி ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியது. அன்று அவர்கள் செய்தது சரியா? அந்த ஃபிரீ கிக் செல்லுமா? எங்கள் தெருவில் இன்றுவரை இதற்கு முடிவு காணவில்லை.
— வள்ளியூர் வாசகர்

பதில்: 2023 மார்ச் 3 அன்று நடந்தது அது. தொண்ணூறு நிமிடங்கள் கோலின்றி முடிந்து, கூடுதல் நேரத்தின் முதல் பகுதியில் பெங்களூருவுக்கு ஒரு ஃபிரீ கிக் கிடைத்தது. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் தடுப்புச் சுவரை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை உதைத்து வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனார். ஆட்டம் 1-0 எனப் பெங்களூருவுக்கு வழங்கப்பட்டது.

விதி இதில் குழப்பமானது அல்ல. ஃபிரீ கிக் பெற்ற அணி விரும்பினால் உடனே உதைக்கலாம்; எதிராளிகள் 9.15 மீட்டர் தூரம் விலகும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தூரத்தை அளந்து தருமாறு அது கேட்டாலோ, நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவது போன்ற காரணத்துக்காக ஆட்டத்தை நிறுத்தியிருந்தாலோ மட்டும் விசிலுக்குக் காத்திருந்தாக வேண்டும். ஆகவே அன்று விவாதத்துக்கு உரிய ஒரே செய்தி, நடுவர் காத்திருக்கச் சொன்னாரா இல்லையா என்பதுதான். கோல் கொடுத்தவர் நடுவரே. தாம் நிறுத்தி வைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

கோபப்படுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது, வெளியேறுவதற்கு இல்லை. இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் ஆட்டம் மீதமிருந்தது, ஒரு கோல் போதும், பெனால்ட்டி வரை போயிருக்கலாம். அதைக் கைவிட்டதற்கு விலையாகக் கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் விழுந்தன. தங்கள் தெரு வழக்கில் கோல் செல்லும் என்ற கட்சிக்கே என் வாக்கு. வெள்ளிக்கிழமையும் அதே பயிற்சியாளர்தான் வருகிறார்; ஃபிரீ கிக் விழுந்தவுடன் பந்துக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் சுவர் கட்டச் சொல்வார் என்று நம்பலாம்.

கேள்வி: 22 ஆட்டங்கள் ஆடிப் பாதியில் தோற்ற அணி, இன்னும் நான்கு ஆட்டங்களில் கோப்பையைத் தூக்கிவிடலாம் என்பது என்ன நியாயம்?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: நியாயம் குறைவுதான். அதை ஓரளவு ஈடு செய்யவே 2019-20 முதல் லீக் முதலிடத்துக்குத் தனியாக ஷீல்டு வழங்குகிறார்கள். அதை முதலில் வாங்கியது கோவா. இந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசி ஆட்டத்தில் மோகன் பகான் மும்பையை 2-1 என வென்று, 48க்கு 47 என்ற ஒற்றைப் புள்ளியில் அதைத் தட்டிச் சென்றது. என்னைக் கேட்டால் உண்மையான சாம்பியன் அந்த அணிதான். ஆனாலும் மக்கள் நினைவில் நிற்பது மே மாதம் யார் கையில் கோப்பை இருந்தது என்பதுதான்.

நான்கு அணிகள் மட்டும் அடுத்த சுற்றுக்குச் சென்ற பழைய முறையே எனக்குப் பிடித்தது. பன்னிரண்டு அணிகளில் ஆறு என்பது சரிபாதி, அது தாராளம். இப்போதைய முறையில் முதல் இரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்குப் போகின்றன. மூன்றாம் இடத்துக்குக் கிடைப்பது சொந்த மைதானம் மட்டுமே. 45 புள்ளிகள் எடுத்த கோவா ரசிகர்கள் இதைச் சொல்லிப் புலம்பினால் நான் மறுத்துப் பேச மாட்டேன். மறுபுறம், இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மார்ச் மாதத்திலேயே சென்னையின் பருவம் முடிந்திருக்கும். கொல்கத்தாவில் அந்த 3-2 வெற்றிக்கு அத்தனை வெறியோடு அவர்கள் ஓடியிருக்கவும் மாட்டார்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு லக்னோவில் சிஎஸ்கே ஆடுகிறது. எங்கள் வீட்டில் ரிமோட் அப்பாவின் கையில். நான் என்ன செய்வது?
— வண்ணார்பேட்டை மாணவி

பதில்: வாக்களித்துவிட்டு வந்த களைப்பில் இருக்கும் அப்பாவிடம் தோனியை எதிர்த்து வாதாட வேண்டாம், ஜெயிக்க முடியாது. ஒடிசா ஆட்டத்தைக் கைபேசியில் ஜியோசினிமாவில் பார்த்துக்கொள்ளவும். சனிக்கிழமை சிஎஸ்கேவுக்கு ஆட்டம் இல்லை. அன்று ரிமோட்டை இப்போதே கேட்டு வாங்கி வைக்கவும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் சவுக்குக் கம்பு நட்டு, பழைய மீன்வலை கட்டித்தான் கோல் போஸ்ட். திருவிழா ஆட்டங்கள் பெரும்பாலும் பெனால்ட்டியில்தான் முடிகின்றன. சனிக்கிழமையும் பெனால்ட்டி வந்தால் யாருக்கு வாய்ப்பு?
— இடிந்தகரை வாசகர்

பதில்: மணலில் பெனால்ட்டி அடிப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு: ஊன்றுகிற கால் புதைகிறது, தரையோடு அடித்த பந்து பாதி வழியில் வேகம் இழக்கிறது. அதனால் மேலே தூக்கி அடிக்கப் பழகுகிறீர்கள். கோல்கீப்பருக்கோ மணல் வசதி. விழுந்தால் வலிக்காது, ஆகவே துணிந்து பாய்கிறார். புல்தரையில் இது தலைகீழாகிவிடும். அங்கே மூலையைப் பார்த்துத் தரையோடு சுத்தமாக அடித்த பந்தைப் பிடிப்பது அரிது. உலகெங்கும் நான்கு பெனால்ட்டிகளில் ஏறத்தாழ மூன்று கோலாகின்றன.

அந்த நான்காவதுதான் ஆட்டத்தை முடிக்கிறது. மேலே 2015 இறுதியில் சுயகோலுக்கு ஆளான கட்டிமணியைச் சொன்னேன் அல்லவா? 2022 மார்ச் 20 அன்று அதே ஃபட்டோர்டாவில் ஹைதராபாத் அணிக்காக நின்று, பிளாஸ்டர்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மூன்று பெனால்ட்டிகளைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அன்று ஹைதராபாத்தின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ். இன்று கோவாவின் பயிற்சியாளரும் அவரே. பெனால்ட்டிக்கு முன் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிலைக்கு வந்துவிட்டால் சென்னைக்குச் சரிபாதி வாய்ப்பு என்பேன். 18 புள்ளி பின்தங்கிய அணிக்கு அதைவிட நல்ல பேரம் கிடைக்காது. ஆகவே 80ஆம் நிமிடத்தில் ஆட்டம் சமனாக இருந்தால், அவர்கள் நேரத்தைக் கடத்துவதைப் பார்த்து யாரும் திட்ட வேண்டாம்.

கேள்வி: ஒரே வரியில் கணிப்பு?
— திசையன்விளை வாசகர்

பதில்: கோவா 2, சென்னை 1, ஒடிசா 2, பிளாஸ்டர்ஸ் 1, கூடுதல் நேரத்தில்.

கேள்வி: என் மச்சான் கொல்லத்தில் இருக்கிறார், பிளாஸ்டர்ஸ் வெறியர். நான் சென்னைக் கட்சி. வாரா வாரம் போனில் சண்டை. இந்தச் சுற்றில் எங்கள் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் சந்திக்க வழி உண்டா?
— தென்காசி வாசகர்

பதில்: உண்டு; ஆனால் இறுதியாட்டத்தில் மட்டும். ஒடிசா–பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தில் வெல்பவர் அரையிறுதியில் மோகன் பகானைச் சந்திக்க வேண்டும். கோவா–சென்னை ஆட்டத்தில் வெல்பவர் மும்பையைச் சந்திக்க வேண்டும். அரையிறுதிகள் சொந்த ஊரிலும் எதிராளி ஊரிலுமாக இரண்டிரண்டு ஆட்டங்கள். ஆகவே தாங்கள் கோவாவையும் மும்பையையும், மச்சான் ஒடிசாவையும் மோகன் பகானையும் தாண்டி வந்தால் மே 4 அன்று சந்திக்கலாம்.

முன்பு ஒருமுறை இப்படிச் சந்தித்திருக்கிறார்கள். 2014இல், முதல் பருவத்திலேயே, லீக்கில் முதலிடம் பிடித்த சென்னையும் நான்காம் இடத்தில் வந்த பிளாஸ்டர்ஸும் அரையிறுதியில் மோதின. கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 3-0. சென்னையில் நம்மவர்கள் மூன்று கோல்களையும் திருப்பி அடித்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார்கள். பெனால்ட்டிக்கு மூன்று நிமிடங்களே இருக்கும்போது, 117ஆம் நிமிடத்தில், ஸ்காட்லாந்து வீரர் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்து 4-3 என்ற மொத்தக் கணக்கில் பிளாஸ்டர்ஸை இறுதிக்கு அனுப்பிவிட்டார். தங்கள் மச்சான் இதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். பதிலுக்குத் தாங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பத்துப் பருவங்களில் 2014, 2016, 2022 என மூன்று இறுதியாட்டங்கள் ஆடியும் அவர்களிடம் ஒரு கோப்பைகூட ஏன் இல்லை? நம்மிடம் இரண்டு இருக்கின்றன. போன் கட்டணத்தை அவர் தலையில் போட்டுவிட்டுக் கேளுங்கள்.